சிறு குடியிருப்புக்குப் புதிய கிணறு: திட்டமிடுவோருக்கான வழிகாட்டி

ஒரு குடியிருப்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததும் முதலில் எழும் யோசனை, இன்னொரு ஆழ்துளைக் கிணறு போட்டுவிடலாம் என்பதுதான். பல நேரங்களில் அது சரியான முடிவாகவே அமைகிறது. ஆனால் பழைய கிணறும் புதிய கிணறும் ஒரே நீர்தாங்கும் அடுக்கிலிருந்து உறிஞ்சுமானால், புதியதில் கிடைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு பழையதிலிருந்து பிடுங்கப்பட்டதாகவே இருக்கும். பணத்தைச் செலவழித்த பிறகு இதை உணர்வதைவிட, துளையிடும் ரிக் வண்டி வருவதற்கு முன்பே அளந்து அறிந்துகொள்வது மேல். இதற்கு முன் கிணற்று வேலையில் ஈடுபட்டிராத, இப்போது தம் குடியிருப்பின் சார்பில் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஒருவருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. நிலத்தடி நீரியலாளர் ஒருவரின் உதவி கிடைக்குமானால் அவசியம் பெறுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கும் கீழே உள்ளவை பயன்படும்.

தேவையை எண்ணாக எழுதுங்கள்

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை எழுதிவைக்காமல் தொடங்கினால், கிடைத்தது போதுமா என்ற கேள்விக்குப் பின்னாளில் விடையே இராது. பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது பன்னாட்டு நிவாரண அமைப்புகள் பின்பற்றும் குறைந்தபட்ச அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எனச் சிக்கனமாகவேனும் குறைவின்றி வாழ 50 லிட்டரை அடிப்படையாகக் கொள்ளலாம். 60 வீடுகளில் 300 பேர் இருந்தால் நாளொன்றுக்கு 15,000 லிட்டர். கசிவு, விருந்தினர், வருங்கால வளர்ச்சி ஆகியவற்றுக்காகக் கால் பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ 19,000 லிட்டர் ஆகிறது. நாள் முழுவதும் இறைக்கக் கூடாது, கிணறு தேற நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் எட்டு மணி நேரத்துக்குள் இதை எடுப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 2,400 லிட்டர் தரும் கிணறு வேண்டும். கால்நடைகளும் தோட்டங்களும் இதே நீரை நம்பியிருந்தால் அவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். கோடையில் எதைக் குறைப்பது என்று முடிவெடுக்க வேண்டிய நாளில் அந்தப் பிரிப்பு கைகொடுக்கும்.

இந்த மணிக்கு 2,400 லிட்டர் என்ற எண்ணையே கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன்.

இருக்கும் கிணறுகளை முதலில் அளந்து பாருங்கள்

புதிய கிணற்றைப் பற்றிய மிகச் சிறந்த தகவல் பக்கத்திலுள்ள பழைய கிணறுகளில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழம், போட்ட ஆண்டு, எந்த ஆழத்தில் நீர் வந்தது, கோடையில் எந்த மட்டத்துக்கு இறங்குகிறது, சுவை எப்படி, கைவிடப்பட்டதென்றால் ஏன் என்பவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். வறண்டுபோன கிணறுகளையும் விட்டுவிடாதீர்கள். எந்தத் திசையில், எந்த ஆழத்தில் தண்ணீர் இல்லை என்பதும் விலைமதிப்புள்ள செய்தி.

நீர்மட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் எஃகு அளவு நாடாவின் நுனியில் சிறு எடையைக் கட்டி, கடைசி இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மெல்ல இறக்குங்கள். கிணற்று வாயில் ஒரு முழு எண், எடுத்துக்காட்டாக 20 மீட்டர், வந்து நிற்கும்வரை இறக்கிவிட்டு மேலே இழுத்தால், சுண்ணம் நனைந்த இடத்தில் நிறம் மாறித் தெளிவான கோடு தெரியும். நனைந்த நீளம் 1.35 மீட்டர் என்றால் நீர்மட்டம் 18.65 மீட்டரில் இருக்கிறது. வாயின் எந்த இடத்திலிருந்து அளந்தீர்களோ அங்கே பெயிண்டால் ஒரு குறியிட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து அளக்க வேண்டும். இரவு முழுவதும் மோட்டார் ஓடாமல் இருந்த பிறகு, காலையில் முதல் இறைப்புக்கு முன் எடுக்கும் அளவே நிலைமட்டம். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவையும் நிலைமட்டத்தையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் அந்தப் பட்டியல் எதற்கும் உதவாது.

திறந்த கிணறாக இருந்தால் அதன் சுரப்பையும் அளந்துவிடலாம். மூன்று மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 7,070 லிட்டர். இறைத்து மட்டத்தை இறக்கியபின் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் நீர் 20 சென்டிமீட்டர் ஏறினால் சுரப்பு மணிக்கு 1,400 லிட்டருக்குச் சற்று அதிகம். மட்டம் பழைய நிலையை நெருங்க நெருங்கச் சுரப்பு மந்தமாகும் என்பதால், முதல் மணி நேரக் கணக்கை மட்டும் வைத்து நாள் முழுவதற்கும் பெருக்கிவிடக் கூடாது.

இந்தக் கட்டத்திலேயே சில குடியிருப்புகளுக்குப் புதிய கிணறு தேவையில்லை என்று தெரிந்துவிடும். இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குறித்து, விடிந்ததும் மீண்டும் பாருங்கள். யாரும் பயன்படுத்தாமலே மட்டம் இறங்கியிருந்தால் குறை நிலத்தடியில் இல்லை, குழாயில் இருக்கிறது. தூர்ந்துபோன கிணற்றைத் தூர்வாருவதும், வண்டலும் இரும்புப் படிவும் அடைத்த ஆழ்துளைக் கிணற்றை கம்பரசர் வைத்து ஊதிச் சுத்தம் செய்வதும் புதிதாகப் போடுவதைவிடச் செலவு குறைந்தவை. ஆனால் திறந்த கிணற்றுக்குள் ஆள் இறங்குவதை எளிதாக எண்ண வேண்டாம். அடியில் பிராணவாயு குறைந்திருக்கலாம், நச்சு வாயு தேங்கியிருக்கலாம். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மடிவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. காற்றோட்டம், வாயு சோதனை, இடுப்புப் பட்டையும் கயிறும், மேலே காவலுக்கு ஆட்கள் ஆகியவை இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. டீசல் அல்லது பெட்ரோல் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது.

எங்கே போடுவது

தண்ணீர் நிலத்தடியில் ஆறாக ஓடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது மணற்துகள்களுக்கு இடையிலும் பாறை வெடிப்புகளிலும் மெல்ல நகர்கிறது. எனவே இடத்தேர்வு உங்கள் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கருங்கல் போன்ற கடினப் பாறைப் பகுதிகளில், மேலே சிதைந்து உதிர்ந்த பாறை அடுக்கும் அதற்குக் கீழே வெடிப்புகளும் இருக்கும். சிதைந்த அடுக்கு தண்ணீரைச் சேமித்துவைக்கிறது, வெடிப்புகள் அதைக் கிணற்றுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பொதுவாக ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைந்து இறுகிவிடுவதால், வறண்ட துளையை மேலும் மேலும் ஆழமாக்கிக்கொண்டே போவது பெரும்பாலும் வீண். ஆற்று வண்டல் நிலங்களில் மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் மாறி மாறி வரும். அங்கே எந்த மணல் அடுக்கில் குழாயைத் திறப்பது என்பதே முக்கியமான கேள்வி. சுண்ணாம்புப் பாறையில் பெரும் சுரப்பு கிடைக்கக்கூடும், ஆனால் மாசும் வடிகட்டப்படாமல் விரைந்து வந்துசேரும். கடலோரத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் மிதந்துகொண்டிருக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்த ஒரு மீட்டரை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்புநீர் நாற்பது மடங்கு வேகத்தில் மேலேறப் பார்க்கும். அத்தகைய இடங்களில் ஓர் ஆழமான கிணற்றைவிட, ஆழம் குறைந்து மெதுவாக இறைக்கப்படும் பல கிணறுகளே நிலைக்கும்.

மின்தடை அளவீடு என்பது தரையில் நான்கு மின்முனைகளை ஊன்றி, மின்னோட்டம் செலுத்தி, கீழுள்ள அடுக்குகளின் மின்தடையைக் கணிக்கும் முறை. ஈரமுள்ள சிதைந்த பாறைக்கும் இறுகிய பாறைக்கும் மின்தடை வெகுவாக வேறுபடுவதால் கடினப் பாறைப் பகுதிகளில் இது நல்ல உதவி. எனினும் உப்புநீரும் களிமண்ணும்கூடக் குறைந்த மின்தடையையே காட்டும். ஆகவே அளவீட்டின் முடிவைப் பழைய கிணறுகளின் விவரத்தோடு பொருத்திப் பார்க்கும் வல்லுநரையே நம்புங்கள். குச்சியோ கம்பியோ கொண்டு நீரோட்டம் பார்ப்பதைப் பலர் உறுதியாக நம்புகிறார்கள். முறையாகக் கட்டுப்படுத்தி நடத்திய சோதனைகளில் அது தற்செயலைவிட மேலானது என்று நிறுவப்படவில்லை. பொதுப்பணத்தில் போடும் கிணற்றுக்கு அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

கழிப்பறைக் குழி, சாக்கடை, தொழுவம், குப்பைமேடு ஆகியவற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியும், முடிந்தவரை அவற்றைவிட மேட்டிலும் கிணறு இருக்க வேண்டும். வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் 30 மீட்டர் போதாது. வெள்ளம் தேங்கும் இடத்தைத் தவிருங்கள். பழைய கிணற்றுக்கு மிக அருகிலும் போடாதீர்கள். இறைக்கும்போது ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. இரண்டு புனல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே ஆழமாகும். ரிக் வண்டி பின்னாளிலும் வந்து நிற்க வழியுண்டா, மேலே மின்கம்பி செல்கிறதா என்பதையும் நேரில் நின்று பாருங்கள்.

இயலுமானால் பெரிய கிணறு ஒன்றுக்குப் பதிலாக நடுத்தரக் கிணறுகள் இரண்டைத் திட்டமிடுங்கள். ஒன்றில் மோட்டார் பழுதானாலும் குடியிருப்பு முழுவதும் வறண்டுபோகாது. ஒவ்வொன்றிலும் குறைவாக இறைப்பதால் மட்டமும் அதிகம் இறங்காது.

நிலம், அனுமதி, ஒப்பந்தம்

கிணறு அமையும் நிலம் யாருடையது என்பதை எழுத்தில் உறுதிசெய்யாமல் ஒரு மீட்டர்கூடத் துளையிட வேண்டாம். வாய்மொழியாகக் கொடுத்த இடம் அடுத்த தலைமுறையில் வழக்காக மாறும். கிணறும் அதற்குச் செல்லும் பாதையும் குழாய்த்தடமும் பொதுப் பயன்பாட்டுக்கானவை என்று பதிவு செய்யப்பட வேண்டும். நிலத்தடி நீருக்கு அனுமதி பெற வேண்டிய இடங்கள் பல உண்டு, எனவே உள்ளூர் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

துளையிடுவோருடன் செய்யும் ஒப்பந்தத்தில் துளையின் விட்டம், எதிர்பார்க்கும் ஆழமும் அதிகபட்ச ஆழமும், துளை சரியாமல் தாங்கும் கேசிங் குழாயின் பொருளும் தடிமனும், மேல்பகுதியைச் சிமெண்டால் அடைக்க வேண்டிய ஆழம், சுத்தப்படுத்தும் நேரம், இறைப்புச் சோதனை, தண்ணீர் கிடைக்காவிட்டால் செலுத்த வேண்டிய தொகை, துளையை மூடும் பொறுப்பு ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். மீட்டர் கணக்கில் மட்டும் கூலி பேசினால் தேவைக்கு மேல் ஆழமாகத் துளையிடும் தூண்டுதல் இயல்பாகவே வந்துவிடும். எந்த ஆழத்தில் நிறுத்துவது என்ற முடிவு குடியிருப்பின் சார்பில் நிற்பவரிடமே இருக்க வேண்டும்.

துளையிடும் நாளில்

அன்று முழுவதும் கையில் நோட்டும் கடிகாரமும் கொண்ட ஒருவர் ரிக் வண்டி அருகிலேயே இருக்க வேண்டும். இது சடங்குக்கான வருகையாக இருக்கக் கூடாது. மூன்று மீட்டருக்கு ஒருமுறை வெளிவரும் பாறைத்தூளில் ஒரு கைப்பிடி எடுத்து, தரையில் விரித்த சாக்கின்மீது ஆழத்தை எழுதிய சீட்டோடு வரிசையாகக் குவித்துவைக்கச் சொல்லுங்கள். மாலைக்குள் அந்த வரிசையைப் பார்த்தாலே நிலத்தின் குறுக்குவெட்டு கண்முன் தெரியும். பழுப்பு நிறத்தில் பொடியாக உதிரும் தூள் சிதைந்த பாறை. சாம்பல் நிறத்தில் மாவாக வருவது இறுகிய பாறை. இறுகிய பாறைக்கு நடுவே திடீரென்று துருநிறம் படிந்த கூர்மையான சில்லுகள் வந்தால், தண்ணீர் ஓடிய வெடிப்பு ஒன்றைத் துளை கடந்திருக்கிறது என்று பொருள். துளையிடும் கம்பி ஒவ்வொன்றும் இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதுங்கள். கம்பி சட்டென்று வேகமாக இறங்கும் ஆழம் பெரும்பாலும் அந்தச் சில்லுகளின் ஆழத்தோடு ஒத்துப்போகும்.

காற்றழுத்தத்தில் வெளிவரும் நீரை அளக்க, ஓடையில் செங்கோண முக்கோண வெட்டுள்ள தகட்டை வைத்து அதன் வழியே வழியும் நீரின் உயரத்தைப் பார்ப்பார்கள். ‘இரண்டு இஞ்ச் தண்ணீர்’, ‘நான்கு இஞ்ச் தண்ணீர்’ என்று சொல்வது இந்த உயரத்தைத்தான். இதில் புதியவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். இரண்டு இஞ்ச் என்பது மணிக்குச் சுமார் 2,900 லிட்டர். நான்கு இஞ்ச் அதன் இரு மடங்கு அன்று, ஐந்தரை மடங்குக்கும் மேல், அதாவது மணிக்குச் சுமார் 16,000 லிட்டர். உயரத்தில் கால் இஞ்ச் பிழை வந்தாலும் கணக்கு வெகுவாக மாறும். தகட்டை ஒட்டி நீர் வளைந்து விழும் இடத்தில் அளக்காமல், சற்றுப் பின்னே நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் அது அந்த நேரத்தின் அளவு மட்டுமே. வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருந்த நீர் முதலில் பீறிட்டு வந்து பிறகு ஓய்ந்துபோவது உண்டு. அந்தப் பீறிடலைப் பார்த்து மோட்டார் வாங்கிவிட வேண்டாம்.

குழாயும் அடைப்பும்

மேலே உள்ள தளர்ந்த மண்ணும் சிதைந்த பாறையும் துளைக்குள் சரியாமல் தாங்குவது கேசிங் குழாய். கடினப் பாறையில் அது உறுதியான பாறைக்குள் சிறிது தூரம் இறங்கி உட்கார வேண்டும், பாதி வழியில் நிறுத்தினால் ஒவ்வொரு மழையிலும் சேறு உள்ளே வரும். மணற்பாங்கான நிலத்தில் நீர்தாங்கும் அடுக்குக்கு நேராக, பக்கங்களில் மெல்லிய வெட்டுகள் கொண்ட ஸ்லாட் குழாயை வைத்து, அதைச் சுற்றிலும் கழுவிச் சலித்த உருண்டைச் சரளையை நிரப்ப வேண்டும். சரளையின் பருமன் அங்குள்ள மணலின் நடுத்தரப் பருமனைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு இருக்க வேண்டும், ஸ்லாட் வெட்டு அந்தச் சரளையைத் தடுக்கும் அளவுக்கு நுண்ணியதாக இருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் தவறினால் கிணறு சில ஆண்டுகளில் மணலைக் கக்கி மோட்டாரை அரித்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் போவதால் பெரும்பாலும் கைவிடப்படும் வேலை, கேசிங் குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடையிலுள்ள சந்தினைச் சிமெண்டால் அடைப்பது. அந்தச் சந்து அடைபடாவிட்டால் தரையில் தேங்கும் அழுக்குநீர் குழாயின் வெளிப்புறமாக வழிந்து நேராகக் குடிநீரில் கலக்கிறது. நீங்கள் செய்துள்ள மற்ற எல்லாக் காப்பும் வீணாகிறது. குறைந்தது மேல் மூன்று மீட்டர், இடர் மிகுந்த இடங்களில் ஆறு மீட்டருக்கு மேல், சிமெண்ட் கலவையைக் கீழிருந்து மேலாக மெல்லிய குழாய் வழியே செலுத்தி அடைக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் வெற்றிடம் விழும். இந்த வேலை நடக்கும் நேரத்தில் உடன் இருங்கள், எத்தனை மூட்டை சிமெண்ட் உள்ளே போனது என்று எண்ணுங்கள்.

கேசிங் குழாய் தரையிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும். சுற்றிலும் வெளிப்புறமாகச் சாய்ந்த கான்கிரீட் தளமும், சிந்தும் நீரைத் தொலைவுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலும், பூட்டக்கூடிய மூடியும் வேண்டும். மூடியில் நாடா இறங்கும் அளவுக்குத் திருகி அடைக்கும் சிறு துளை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாததால் பிறகு ஒருபோதும் நீர்மட்டம் அளக்க முடியாமல் போன கிணறுகள் ஏராளம்.

பிறகு கிணற்றைச் சுத்தப்படுத்த வேண்டும். கம்பரசரால் ஊதியும் நிறுத்தியும் மாறி மாறிச் செய்யும்போது வெடிப்புகளிலும் சரளையிலும் சிக்கிய நுண்தூள் வெளியேறும். தெளிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு வெள்ளை வாளியில் நீர் பிடித்துச் சுழற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்து, அடியின் நடுவில் மணல் சேர்கிறதா என்று பாருங்கள்.

இறைப்புச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டுமே கடைப்பிடிக்க முடியும் என்றால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கிணறு உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதை இது மட்டுமே சொல்கிறது. மழைக்காலத்தில் செய்த சோதனை தேவைக்கு மேல் நம்பிக்கை அளிக்கும் என்பதால், இயன்றால் கோடையின் முடிவில் செய்யுங்கள்.

தற்காலிக மோட்டார் ஒன்றை இறக்கி, தேவையான வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கில், மாறாத வேகத்தில் 24 மணி நேரம் இறைக்க வேண்டும். வேகத்தை அளக்க 200 லிட்டர் பீப்பாயும் கடிகாரமும் போதும். ஐந்து நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 2,400 லிட்டர். வெளியேறும் நீரைக் கிணற்றின் அருகிலேயே விட்டால் அது திரும்பக் கசிந்து கணக்கைக் கெடுக்கும், ஆகவே குழாய் போட்டுத் தொலைவில் விடுங்கள். தொடங்கும் முன் நிலைமட்டத்தைக் குறியுங்கள். முதல் பத்து நிமிடங்களுக்கு ஒவ்வொரு நிமிடமும், பிறகு 15, 20, 30, 45, 60ஆவது நிமிடங்களிலும், அதன்பின் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டியும் மட்டத்தை அளந்து எழுதுங்கள். பக்கத்துக் கிணறுகளின் மட்டத்தையும் கூடவே கவனியுங்கள். அவை இறங்கினால் அக்கிணறுகளின் உரிமையாளர்களோடு பேச வேண்டியது மோட்டார் பொருத்துவதற்கு முன்புதான்.

அளவுகளை வரைபடமாக்கும்போது நேரத்தை 1, 10, 100, 1,000 எனப் பத்தின் மடங்குகள் சம இடைவெளியில் வரும் தாளில் வையுங்கள். சீரான அடுக்கில் இறைத்தால் மட்ட இறக்கம் இத்தாளில் ஏறத்தாழ நேர்கோடாக விழும் என்பதை, நிலத்தடி நீரியலாளர் தைஸ் 1935இல் தந்த கோட்பாட்டிலிருந்து கூப்பரும் ஜேக்கபும் 1946இல் காட்டினார்கள். நடைமுறையில் இதன் பயன் மிகப் பெரிது. 100ஆவது நிமிடத்துக்கும் 1,000ஆவது நிமிடத்துக்கும் இடையே மட்டம் ஒன்றரை மீட்டர் இறங்கியதாகக் கொள்வோம். 10,000 நிமிடம், அதாவது ஒரு வாரம், முடிகையில் மேலும் ஒன்றரை மீட்டரும், 100,000 நிமிடம், அதாவது சுமார் பத்து வாரம், முடிகையில் இன்னும் ஒன்றரை மீட்டரும் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். மழையில்லாத பருவம் முழுவதும் நிற்காமல் இறைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரே நாள் சோதனையிலிருந்து இப்படி முன்கூட்டிப் பார்த்துவிடலாம். நீங்கள் நாளில் எட்டு மணி நேரமே இறைக்கப்போவதால் உண்மை நிலை இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கும். அவ்வாறு நீட்டிக் கணித்த மட்டம் மோட்டாருக்கும் முக்கிய ஊற்றுக்கும் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடு நடுவில் திடீரென்று செங்குத்தாகச் சரியத் தொடங்கினால் கவனம் தேவை. நீர்தாங்கும் அடுக்கின் எல்லையைப் புனல் தொட்டுவிட்டது, அல்லது நீர் தந்த வெடிப்புக்குக் கீழே மட்டம் போய்விட்டது என்று அதற்குப் பொருள். அத்தகைய கிணற்றில் வேகத்தைக் குறைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தியபின் மட்டம் ஏறுவதையும் அதே இடைவெளிகளில் அளந்து எழுதுங்கள். நெடுநேரம் ஆகியும் நிலைமட்டத்துக்குத் திரும்பாமல் கீழேயே நின்றுவிடும் கிணறு, சேமிப்பு குறைந்த சிறு அடுக்கிலிருந்து நீர் எடுக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

குடிக்கத் தகுந்ததா

தெளிவும் சுவையும் பாதுகாப்புக்குச் சான்றாகா. பங்களாதேசத்தில் அழுக்கான குளத்துநீருக்கு மாற்றாக இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் நல்ல நோக்கத்தோடு போடப்பட்டன. அவற்றில் பலவற்றின் நீரில் இயற்கையான ஆர்சனிக் இருப்பது 1990களில் வெளிப்பட்டது, கோடிக்கணக்கான மக்கள் அதை ஆண்டுக்கணக்கில் குடித்திருந்தார்கள். பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தான குழாய்களுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஒரே தெருவில் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து நின்றன. பக்கத்துக் கிணறு நன்றாக இருக்கிறது என்பது உங்கள் கிணற்றுக்குச் சான்றிதழ் ஆகாது என்பதற்கு இதைவிடக் கண்கூடான காட்டு வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளின்படி லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராமும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமும், நைட்ரேட் 50 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. 100 மில்லிலிட்டர் நீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் மக்கள் அந்த நீரை விரும்பிக் குடிக்கமாட்டார்கள். கொதிக்கவைப்பதால் கிருமி சாகும், ஆனால் ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை நீங்கா. இவற்றை மட்டும் முன்கூட்டியே அறிய, இறைப்புச் சோதனையின் கடைசி மணி நேரத்தில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கிருமிச் சோதனைக்கு முன் கிணற்றைக் குளோரின் இட்டுத் தூய்மைப்படுத்த வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையில் 40 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் கொள்ளளவு சுமார் 700 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் கிடைக்க 70 கிராம் வேண்டும். 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடராக இருந்தால் சுமார் 235 கிராம். நாட்பட்ட பவுடர் வீரியம் இழந்திருக்கும் என்பதால் புதிதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, மோட்டாரைச் சிறிது நேரம் ஓட்டிக் குழாய்களிலும் வாசனை வரச்செய்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் வாசனை முற்றிலும் போகும்வரை இறைத்து, ஓடையிலோ பயிரிலோ சேராதபடி வெளியேற்றுங்கள். அதன்பின் நுண்ணுயிர் நீக்கிய குப்பியில் மாதிரி எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

மோட்டாரும் தொட்டியும்

சோதனையில் நிலைத்து நின்ற வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நாள்தோறும் இறைக்க வேண்டாம். மணிக்கு 2,400 லிட்டரை மொத்தம் 60 மீட்டர் ஏற்ற, இழப்புகளையும் சேர்த்து, ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் போதும். அதைவிடப் பெரியதை மாட்டினால் கிணறு கூடுதலாகத் தராது, மட்டம் சரிந்து மோட்டார்தான் காற்றில் ஓடிப் புகையும். உலர்ந்து ஓடுவதைத் தடுக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள். காலை நெரிசலைச் சமாளிக்கப் பெரிய மோட்டாரைவிடப் பெரிய தொட்டியே சரியான வழி. மின்சாரம் நம்பகமற்ற இடங்களில் ஒரு கிணற்றிலாவது கைப்பம்பு இருக்கட்டும்.

தண்ணீர் கிடைக்காத துளையை ஒரு நாள்கூடத் திறந்துவிடக் கூடாது. சிறு குழந்தை ஒன்று உள்ளே விழ அந்த அகலம் போதும். அடியிலிருந்து சுத்தமான மண்ணும் களிமண்ணும் இட்டு நிரப்பி, மேற்பகுதியைச் சிமெண்டால் அடைத்து முடித்த பிறகே ரிக் வண்டி இடத்தை விட்டுக் கிளம்பலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குப்பையால் நிரப்பினால் அதுவே நிலத்தடி நீருக்கு நஞ்சூட்டும் குழாயாகிவிடும்.

பதிவேடு

கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெயர் சொல்லி இருவரிடம் ஒப்படைத்து, அவர்களுக்குச் சிறிதேனும் ஊதியம் கொடுங்கள். மோட்டாரை மாற்றத் தேவையான தொகை சேரும் வகையில் ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் செலுத்தட்டும். பழுதான பிறகு வசூலிக்கத் தொடங்கினால் அத்தனை நாளும் தண்ணீர் இராது.

மழைநீரை நிலத்துக்குள் அனுப்பும் ஏற்பாட்டையும் கூடவே தொடங்குங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 48,000 லிட்டர் கிடைக்கும். ஆனால் தெருவில் ஓடும் நீரைக் குடிநீர்க் கிணற்றுக்குள் நேரடியாக விடாதீர்கள். தனியே அமைத்த ஊறல் குழி வழியாக மண்ணில் வடிந்தே அது கீழே போக வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒரே நாளில் நிலைமட்டத்தையும், ஒரு மணி நேரம் இறைத்தபின் உள்ள மட்டத்தையும், பீப்பாய் நிரம்பும் நேரத்தையும் எழுதிவாருங்கள். இந்த மூன்று எண்களும் சேர்ந்தால் கிணற்றின் நோயைப் பிரித்தறியலாம். நிலைமட்டம் சென்ற ஆண்டின் அதே மாதத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அடுக்கிலேயே நீர் குறைந்துவருகிறது. அப்போது இறைப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும், மற்றுமொரு கிணறு போட்டால் சரிவு இன்னும் விரைவாகும். நிலைமட்டம் மாறாமல், அதே வேகத்தில் இறைக்கும்போது மட்டும் முன்பைவிட அதிகமாக இறங்கினால், ஸ்லாட் குழாயோ வெடிப்போ அடைபட்டிருக்கிறது, கம்பரசரை அழைக்க வேண்டும். நிலைமட்டம் பழையபடியே இருந்து, இறைக்கும்போது மட்டம் முன்பைவிடக் குறைவாகவே இறங்கி, பீப்பாய் நிரம்பக் கூடுதல் நேரம் ஆனால், மோட்டாரை வெளியே எடுத்து அதன் தேய்மானத்தையும், ஏற்றுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.